யாரும் போய் நிற்காத நிலம்: எந்திரக் கற்றலும் கோள் ஆய்வும் குறித்துச் சில குறிப்புகள்

1

தொலையுணர்வுத் துறையில் 'நிலத்து உண்மை' என்று ஒரு சொல் புழங்குகிறது. 'கிரவுண்ட் ட்ரூத்' என்பதன் தமிழ். செயற்கைக்கோள் எடுத்த படத்தில் ஒரு கறுப்புத் திட்டு தெரிகிறது. ஏரியா, மலையின் நிழலா, எரிந்துபோன புல்வெளியா என்று படத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை. அப்போது ஒருவர் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறார். அந்தக் குறிப்புதான் நிலத்து உண்மை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பாதையில் இந்த மாதிரித் திட்டுகள் நிறைய விழும். ஏரியும் கரும்பாறையும் குவாரிப் பள்ளமும் அடுத்தடுத்துக் கிடக்கிற பிரதேசம் இது. சந்தேகம் வந்தால் பஸ் ஏறிப்போய் இறங்கிப் பார்த்துவிடலாம்.

செவ்வாயில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? வெள்ளியில்? வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில்? அங்கே யாரும் போய் நின்றதில்லை. இறங்கியவை சில ஊர்திகளும் கலங்களும் மட்டும்தான். போக முடியாத நிலத்துக்குப் பதிலாக ஒரு மாற்று நிலத்தைத் தேடிக்கொள்வதும் நடந்திருக்கிறது. நிலாவில் ஊர்தியை ஓட்டிப் பழக இஸ்ரோ மண் தேடியபோது அது கிடைத்தது நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில். அங்குள்ள 'அனார்த்தசைட்' பாறையும் நிலா மேட்டு நிலத்தின் பாறையும் ஒரே குடும்பம். பாறையை உடைத்துப் பொடியாக்கிப் பெங்களூரில் கொட்டி அதன்மேல் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். ஆனால் சக்கரத்துக்கு மாற்று மண் கிடைத்த மாதிரி கண்ணுக்கு மாற்று நிலம் கிடைப்பதில்லை. கோடிக்கணக்கான படங்கள் வந்து குவிகின்றன. அவற்றில் எது எரிமலை, எது பள்ளம், எது வெறும் நிழல் என்று யார் சொல்வது? எந்திரங்களுக்கு இதைக் கற்பிக்க முடியும் என்று கிளம்பிய கணிப்பொறி விஞ்ஞானிகளின் வேலையைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன். தொழில்நுட்பச் செய்தியாக மட்டும் இதைப் படித்துவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. ஒரு படம் எப்படி 'உண்மை' ஆகிறது, அதற்கு யாருடைய ஒப்புதல் தேவைப்படுகிறது என்ற பழைய கேள்வி இந்தத் துறையில் மிகத் துலக்கமாக வெளிப்படுகிறது. அந்தக் கேள்வி நம்ம ஊர் நிலத்துக்கும் உரியது.

2

முதலில் எந்திரக் கற்றல் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். கணிப்பொறியை ஒரு வேலை செய்யவைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விதியை எழுதிக் கொடுப்பது: 'வட்டமாக இருந்து, ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் இருந்தால் அது பள்ளம்'. இதில் ஒரு சங்கடம் உண்டு. விதியைச் சொல்லத் தெரியாத அறிவுதான் உலகத்தில் அதிகம். இரண்டாவது வழி, விதியைச் சொல்லாமல் எடுத்துக்காட்டுகளைக் காட்டுவது. இது பள்ளம், இது பள்ளமில்லை, இதுவும் பள்ளம் என்று ஆயிரக்கணக்கில் பெயர்ச்சீட்டு ஒட்டிக் கொடுத்தால், ஒட்டியவரின் தீர்ப்போடு ஒத்துப்போகிற கணக்கு ஒன்றை எந்திரம் தானாகவே சரிசெய்துகொண்டு போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு தவறுக்கும் எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்வதுதான் அங்கே 'கற்றல்'.

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் இது புதுசில்லை. சிற்ப மரபு கல்லை ஆண் கல், பெண் கல், நபும்சகக் கல் என்று ஓசையை வைத்துப் பிரிக்கிறது. மூலவருக்கு ஒன்று, அம்மனுக்கு ஒன்று, அடித்தளத்துக்கு ஒன்று. ஒரு முதிய சிற்பியிடம் "எப்படிங்கய்யா பிரிக்கிறீங்க?" என்று கேட்டேன். "தட்டினா சொல்லும் தம்பி. கணீர்னு வந்தா ஒண்ணு, சத்தம் அடங்கி வந்தா வேற. எங்க அப்பா தட்டுவாரு, நான் கேப்பேன். அப்புறம் நான் தட்டுவேன், அவரு கேட்டுட்டு இல்லைம்பாரு. அவ்வளவுதான்" என்றார். எந்திரக் கற்றல் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. எடுத்துக்காட்டு, ஊகம், "இல்லை" என்கிற ஆசிரியர், திருத்தம்: நான்கும் இதில் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது ஒன்று. மகன் கற்றது கல்லை மட்டும் அல்ல, அப்பாவின் காதையும் சேர்த்துத்தான்.

கண்ணுக்கும் இது பொருந்தும். 1863 மே 30 அன்று இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பல்லாவரத்தில் ஒரு ஜல்லிப் பள்ளத்தில் ராபர்ட் புரூஸ் பூட் ஒரு கல்லை எடுத்து, இது மனிதன் செதுக்கியது என்றார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அந்தக் கல்லைச் சுற்றி எத்தனையோ பேர் நடந்து போயிருப்பார்கள். பூட்டுக்கு மட்டும் அது ஏன் கருவியாகத் தெரிந்தது? பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகளை 1859இல் இங்கிலாந்து அறிஞர்கள் ஏற்றுக்கொண்டதை அவர் அறிந்திருந்தார். வேறொரு நிலத்தின் எடுத்துக்காட்டுகளில் பயின்ற கண் இந்த நிலத்தில் வந்து வேலை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அவர் அதிரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, 2011இல் அதன் கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு வயது சொன்னார்கள். பயின்ற கண்ணின் வெற்றி இது.

பயின்ற கண்ணின் தோல்வியும் உண்டு. 1877இல் ஜியோவன்னி ஷியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைப் பார்த்தார். 'கனாலி' என்று எழுதினார். பெர்சிவல் லோவெல் அவற்றைச் செவ்வாய்வாசிகள் வெட்டிய கால்வாய்கள் என்றே வாசித்துப் புத்தகங்கள் எழுதினார். சூயஸ் வெட்டப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது என்பதை மறந்துவிட வேண்டாம். 1965இல் மாரினர் 4 பக்கத்தில் போய்ப் படம் எடுத்தது. கால்வாய் எதுவும் இல்லை, பள்ளங்கள்தான் இருந்தன. 1976இல் வைக்கிங் எடுத்த படத்தில் ஒரு குன்று மனித முகமாகத் தெரிந்து உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியது. நம்ம கடற்கரையிலும் 'ஏழு கோயில்கள்' கதை இருக்கிறது. கடலுக்குள் கறுப்பாக எது தெரிந்தாலும் அது மூழ்கிய கோபுரம்தான். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியபோதும் பாறை வரிசைகளில் கட்டடம் பார்த்தவர்கள் உண்டு. சும்மா சிரித்துவிட்டுப் போக முடியாது. அதே அலை திறந்துவிட்ட பாறைக் கல்வெட்டைப் பின்தொடர்ந்துதான் 2005இல் சாளுவன்குப்பத்தில் மண்ணுக்கடியில் இருந்த முருகன் கோயிலைத் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது. கதை கண்ணை ஏமாற்றவும் செய்கிறது, திறக்கவும் செய்கிறது.

3

1990 முதல் 1994 வரை மகெல்லன் கலம் ரேடாரால் வெள்ளிக் கோளைப் படமெடுத்தது. ஏறத்தாழ 30,000 படங்கள். அவற்றில் சிறு எரிமலைகள் மட்டும் பத்து லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துக் குறிக்க ஒரு ஆயுள் போதாது. கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் புரபல்ஷன் லாபரட்டரியைச் சேர்ந்த மைக்கேல் பர்ல், உசாமா பையத், பத்ரிக் ஸ்மித் முதலியோர் ஓர் எந்திரத்தைப் பயிற்றுவிக்க முனைந்தார்கள். எடுத்துக்காட்டுகளுக்காகக் கோள் புவியியல் வல்லுநர்களை எரிமலைகளைக் குறித்துத் தரும்படி கேட்டார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வல்லுநர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒருவர் எரிமலை என்றதை இன்னொருவர் குறிக்கவே இல்லை. சரிபார்க்க வெள்ளிக்குப் போக முடியாது. தரையில் ஈயமே உருகிவிடும் வெப்பம். எனவே 'நிலத்து உண்மை' என்ற இடத்தில் வைப்பதற்கு அவர்களிடம் நிலம் இல்லை, வாசிப்புகள்தான் இருந்தன. அவர்கள் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 'எரிமலை', 'எரிமலை இல்லை' என்ற இரட்டையைக் கைவிட்டார்கள். ஒவ்வொரு குறிக்கும் வல்லுநர் தன் உறுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஏறக்குறைய நிச்சயம், அநேகமாக, இருக்கலாம், நடுவில் ஒரு குழி மட்டும் தெரிகிறது. இந்த நான்கு வகைகளுக்கும் 0.98, 0.80, 0.60, 0.50 என்று நிகழ்தகவு எண்கள் தரப்பட்டன. எந்திரத்தை மதிப்பிடும்போதும், உண்மையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கேட்க வழியில்லாததால், வல்லுநர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகிற அளவுக்காவது அவர்களோடு எந்திரம் ஒத்துப்போகிறதா என்று கேட்டார்கள்.

மாமல்லபுரத்துப் பெரும் புடைப்புச் சிற்பத்தின் முன்னால் நிற்கிறவர்களுக்கு இது பரிச்சயமான நிலைமை. ஒற்றைக் காலில் கைகளைத் தூக்கி நிற்கும் அந்த எலும்பும் தோலுமான உருவம் யார்? ஊர் வழக்கில் அது அர்ச்சுனன் தபசு. 1914இல் விக்டர் கொலுபெவ் அதைக் கங்கை இறங்கி வரும் காட்சியாக வாசித்தார். அப்படியானால் நிற்பவன் பகீரதன். ஒரே பாறை, இரண்டு சீட்டுகள். பல்லவன் திரும்பி வந்து தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

இதிலிருந்து, எல்லாமே வாசிப்புதான், உண்மை என்று ஒன்றுமே கிடையாது என்கிற முடிவுக்கு ஓடிவிடுகிற வழக்கம் நம் பக்கங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாறை சில சமயம் பதில் சொல்கிறது. 2020இல் நடந்ததைப் பாருங்கள். செவ்வாயைச் சுற்றும் ஒரு கலத்தின் அகலப் பார்வைக் கேமரா எடுத்த 6,830 படங்களைக் காட்டி, புதிதாக விழுந்த விண்கல் பள்ளங்களை அடையாளம் காண எந்திரத்தைப் பயிற்றுவித்தார்கள். ஒரு படத்தைக் கவனமாகத் துழாவ விஞ்ஞானிக்கு 40 நிமிடம் ஆகிறது. எந்திரத்துக்குச் சராசரியாக 5 விநாடி. 1,12,000 படங்களை அது துழாவி, 'நாக்டிஸ் ஃபோசே' என்ற பகுதியில் ஒரு கறையைச் சுட்டியது. ஆகஸ்ட் 26 அன்று அதே கலத்தின் கூர்மையான 'ஹைரைஸ்' கேமராவைத் திருப்பிப் பார்த்தார்கள். பள்ளங்கள் இருந்தன. பெரியது சுமார் 4 மீட்டர் அகலம். 2010 மார்ச்சுக்கும் 2012 மேக்கும் இடையில் உண்டானவை. வாசிப்பு முதலில் வந்தது, நிலம் பிறகு ஆமோதித்தது. மறுத்திருக்கவும் கூடும். மறுப்பதற்கு நிலத்துக்கு ஒரு வாய்ப்புத் தரப்படுகிறதா என்பதுதான் முக்கியம்.

4

இதுவரை சொன்னது பூமிக்கு வந்துசேர்ந்த படங்களைப் பற்றி. அடுத்த கட்டம் இன்னும் சிக்கலானது. செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச்சேர, கோள்களின் நிலையைப் பொறுத்து, சுமார் 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். ஊர்தி எடுக்கிற அத்தனை படங்களையும் அனுப்ப அலைவரிசையில் இடம் கிடையாது. ஆகவே எதைப் பார்ப்பது, எதை அனுப்புவது என்பதை அங்கேயே தீர்மானிக்கும் அதிகாரத்தில் ஒரு பங்கை ஊர்திக்குக் கொடுக்கவேண்டி வந்தது.

ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளுக்கு அனுப்பப்பட்ட ஒரு மென்பொருள் தொடர் படங்களில் அசைவைத் தேடியது. புழுதிச் சுழல் இருக்கிற படத்தை அனுப்பும், சும்மா கிடக்கிற வானத்தை விட்டுவிடும். 'ஏஜிஸ்' என்ற இன்னொரு மென்பொருள் 2016 முதல் கியூரியாசிட்டியில் லேசருக்கு இலக்கான கல்லைத் தானே தேர்ந்தெடுத்தது. கறாராகச் சொன்னால் இது கற்றுக்கொண்டதைவிடச் சொல்லிக்கொடுத்த விதிகளில்தான் அதிகம் ஓடுகிறது. படத்தில் விளிம்புகளைத் தேடிக் கல்லைப் பிரிக்கிறது. புது இடத்துக்கு வந்தவுடன் குருட்டாம்போக்கில் சுட்டால் விரும்பிய வகைப் பாறையில் படுவது 24 சதவீதம். ஏஜிஸ் குறிபார்த்தபோது 93 சதவீதம் ஆனது.

நல்லதுதான். ஆனால் தேர்ந்தெடுப்பு என்றால் விலக்குதலும் சேர்த்துத்தான். அனுப்பாமல் அழிக்கப்பட்ட படத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை. ஆவணக் காப்பகத்துக்குள் எது போகிறது என்பதே அதிகாரத்தின் முதல் வேலை என்று நாம் பேசி வந்திருக்கிறோம். இங்கே காப்பகத்தின் வாசலில் நிற்பது ஒரு கணக்கு. தெரிந்ததையே தேடும்படி பழக்கிய கணக்கு, தெரியாத ஒன்று எதிரே வந்தால் அதை விட்டுவிடும். பல்லாவரத்துக் கல்லை ஜல்லியோடு சேர்த்து ரோட்டில் கொட்டிவிடுகிற மாதிரி.

இந்தச் சிக்கலை நேராக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் கிரி வாக்ஸ்டாஃப், மேற்சொன்ன ஆய்வகத்தில் நீண்ட காலம் பணியாற்றிய கணிப்பொறி விஞ்ஞானி. அவரும் சகாக்களும் 2013இல் முன்வைத்த 'டெமூட்' என்ற முறை, சுவாரசியமானது எது என்று யாரும் முன்கூட்டி வரையறுக்கத் தேவையில்லை என்கிறது. ஏற்கனவே பார்த்துச் சலித்தவற்றின் மாதிரியை எந்திரம் கட்டிக்கொள்கிறது. புதிதாக வருவதில் எது அந்த மாதிரிக்குள் அடங்காமல் மிஞ்சுகிறதோ அதை முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. எந்த அம்சம் மிஞ்சுகிறது என்ற விளக்கத்தையும் கூடவே தருகிறது. விஞ்ஞானி பார்த்துவிட்டால் அதுவும் 'பழசு' ஆகிவிடும். அடுத்த மிச்சத்தைத் தேடும். மற்றமை என்று நாம் கோட்பாட்டு மொழியில் சொல்வதைக் கணக்காக மாற்ற முடியுமா என்று கேட்டால், ஓரளவு முடியும் என்பதற்கு இது சாட்சி. ஓரளவுதான். அளவீட்டுக்குள் வராத அம்சம் மிச்சமாகக்கூடத் தெரியாது.

இதே வாக்ஸ்டாஃப் 2012இல் தன் துறையையே விமர்சித்து ஒரு கட்டுரை எழுதினார். ஐரிஸ் பூ, காளான் என்று ஒரே சில தரவுத் தொகுதிகளின்மேல் சதவீதத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதிலேயே ஆய்வு முடிந்துவிடுகிறது, அதனால் தாவரவியலுக்கோ காளான் பொறுக்குகிறவருக்கோ என்ன பயன் என்று கேட்டார். பூவின் வகையைச் சொல்வதில் 80 சதவீதம் சரியாக இருந்தால் போதுமாக இருக்கலாம்; தின்னப்போகிற காளான் விஷமா இல்லையா என்பதில் 99 கூடப் போதாமல் போகலாம். தவறின் விலையை யார் கொடுக்கிறார் என்று தெரியாமல் எந்தச் சதவீதத்துக்கும் அர்த்தமில்லை என்று இதை நான் வாசிக்கிறேன்.

5

எந்திரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு மனிதக் கண்ணையும் குறிப்பிட வேண்டும். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான் 2இன் விக்ரம் கலம் நிலாவில் விழுந்து நொறுங்கியது. 17ஆம் தேதி அமெரிக்கச் சுற்றுக்கலம் அந்தப் பகுதியைப் படமெடுத்தது; 26ஆம் தேதி படம் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. சென்னையில் பணியாற்றிவந்த மென்பொருள் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரே ஒரு படப்புள்ளி, ஓரிடத்தில் இருந்தது. எழுதி அனுப்பினார். அவர்கள் பிந்தைய, கூர்மையான படங்களை வைத்துச் சரிபார்த்து, டிசம்பர் 2 அன்று உறுதிசெய்தார்கள். அவர் கண்ட துண்டு, விழுந்த மைய இடத்துக்கு வடமேற்கே சுமார் 750 மீட்டரில் கிடந்தது.

எந்திரத்தைவிட மனிதன் உசத்தி என்று கைதட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. படம் பொதுவில் கிடந்தது. நிறுவனத்துக்கு வெளியே இருந்த ஒருவர் ஒரு சீட்டை ஒட்ட முடிந்தது. நிறுவனம் அதைக் காதில் வாங்கித் திரும்பிப் பார்த்தது. மூன்றும் சேர்ந்ததால்தான் புள்ளி உண்மையாயிற்று. 2020இல் தொடங்கிய 'ஏஐ4மார்ஸ்' திட்டத்தில் கியூரியாசிட்டியின் படங்களில் மணல் எது, பாறை எது என்று கோடு வரைந்து தரும்படி பொதுமக்களையே கேட்டார்கள். எந்திரம் தானாகக் கற்றது என்கிற வாக்கியத்துக்குப் பின்னால் இந்த மாதிரிப் பெயர் தெரியாத கைகள் எப்போதும் உண்டு.

6

இனி நம்ம நிலம். 2000 முதல் இந்திய அரசு, ஐதராபாத்தின் தொலையுணர்வு மையத்தின் துணையோடு, இந்தியாவின் தரிசு நில வரைபடத் தொகுதிகளை வெளியிட்டுவருகிறது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து தயாரானவை. அதன் வகைப்பாட்டில் வெறும் பாறை நிலமும் கடற்கரை மணலும் தரிசு. மாமல்லபுரத்துக் கரையில் வலை காய்கிற மணலையும் படகு ஏற்றிவைக்கிற மேட்டையும் கருவாடு போடுகிற இடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். வானத்திலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றும் விளையவில்லை. கண் பொய் சொல்லவில்லை. சீட்டு பொய் சொல்கிறது. அந்தச் சீட்டுகளைப் பயிற்சிக்குக் கொடுத்தால் நாளைய எந்திரம் அதே பொய்யைப் பிசகாமல், 5 விநாடியில் சொல்லும்.

செங்கல்பட்டுக்கு இந்தச் சொல்லின் வரலாறு நன்றாகத் தெரியும். தரிசு, புறம்போக்கு என்று பதிவேட்டில் எழுதப்படுவதைப் பொறுத்துத்தான் யாருக்கு நிலம் என்பது இங்கே முடிவானது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். நிலம் இல்லாமைதான் அடிமைத்தனத்தின் வேர் என்பதை அதில் எடுத்துக்காட்டினார். அதன் தொடர்ச்சியாக 1892இன் அரசாணை. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அங்கிருந்து வருகிறது. ஒதுக்கிய நிலம் பிறர் பெயருக்கு மாறியதும் பதிவேட்டில்தான் நடந்தது. 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். பதிவேட்டின் ஒரு சொல்லுக்கு நிலத்தில் கொடுக்கப்பட்ட விலை அது.

வெள்ளியில் ஒரு மேட்டைத் தவறாக எரிமலை என்று குறித்தால் எவரும் வீடு இழப்பதில்லை. அப்படியிருந்தும் அந்தக் குறிக்குப் பக்கத்தில் 0.60 என்று எழுதினார்கள். இன்னொருவரின் மாற்றுக் குறியையும் அழிக்காமல் வைத்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்க்க ஒரு கேமரா இருந்தபோது திரும்பிப் பார்த்தார்கள். நம்முடைய அடங்கலிலும் ஏ-பதிவேட்டிலும் 'தரிசு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இந்த மாதிரி எண் எதுவும் கிடையாது. அது முழுசாக 1.00. மாற்றுக் குறி சொல்ல அந்த நிலத்திலேயே ஆள் நிற்கிறார், பஸ் ஏறினால் போய்க் கேட்டுவிடலாம், ஆனாலும் கேட்பதில்லை.

கோள் ஆய்வின் எந்திரக் கற்றலிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய முதல் தொழில்நுட்பம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: சீட்டு ஒட்டுகிறவர் தன் சந்தேகத்தையும் சேர்த்து எழுத வேண்டும், நிலத்தில் நிற்பவர் "இல்லை" என்று சொன்னால் அது கணக்கில் ஏற வேண்டும். இரண்டுக்கும் ராக்கெட் வேண்டியதில்லை.